ஸ்பார்க் பிளக்: கழற்ற, படிக்க, திரும்ப மாட்ட

ஐப்பசி மழை விட்ட ஒரு காலை. கடலூர் மஞ்சக்குப்பத்திலோ புதுச்சேரி முத்தியால்பேட்டையிலோ இரவெல்லாம் வாசலில் நனைந்துகொண்டு நின்ற பெட்ரோல் கார் முதல் செல்ஃபில் பிடிக்கவில்லை. இரண்டாவது, மூன்றாவது தடவையில் பிடித்துக்கொள்கிறது. ஆனால் ஸ்டீயரிங் கையில் உதறுகிறது. சைலன்சர் சத்தம் சீராக வராமல் நடுநடுவே விட்டுப்போகிறது. ஒர்க்‌ஷாப்பில் இதை ‘மிஸ்ஸிங் அடிக்குது’ என்பார்கள். மூன்று அல்லது நான்கு சிலிண்டரில் ஒன்று தன் முறை வரும்போது வேலை செய்யாமல் போகிறது என்று பொருள். அப்போது முதலில் பார்க்க வேண்டிய சாமான், சிலிண்டருக்குள் பெட்ரோலைப் பற்றவைக்கும் பொறியை விடுகிற ஸ்பார்க் பிளக்.

விரல் நீளம்தான் இருக்கும். வீட்டிலேயே ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், முக்கால் மணி நேரத்தில் எல்லாப் பிளக்கையும் கழற்றிப் பார்த்துத் திரும்ப மாட்டிவிடலாம். சுத்தம் செய்வது இந்த வேலையில் சின்னப் பங்கு. பெரிய பங்கு, பிளக்கின் முனையைப் படிப்பது. என்ஜினைப் பிரிக்காமலே சிலிண்டருக்குள்ளிருந்து வெளியே எடுத்துப் பார்க்கக் கிடைக்கிற துண்டு அது. பெட்ரோல் கலவை சரியாக இருக்கிறதா, ஆயில் உள்ளே இறங்குகிறதா, என்ஜின் அளவுக்கு மேல் சூடேறுகிறதா என்பதெல்லாம் அதில் நிறமாகவும் படிவாகவும் தெரியும். இதைப் படிக்கத் தெரிந்துவிட்டால் ஒர்க்‌ஷாப்பில் ‘எதையாவது பாருங்க’ என்று வண்டியை விடாமல், ‘மூணாவது சிலிண்டர் பிளக்குல ஆயில் இருக்கு’ என்று சொல்லி விடலாம். பில்லில் வித்தியாசம் தெரியும்.

டீசல் வண்டிக்கு இந்தக் கட்டுரை பொருந்தாது. டீசல் என்ஜினில் காற்றை அழுத்தும் சூட்டிலேயே எரிபொருள் பற்றிக்கொள்ளும். அதில் இருக்கும் குளோ பிளக் வேறு சாமான், வேறு வேலை.

பொறி எங்கிருந்து வருகிறது

பேட்டரி கொடுப்பது 12 வோல்ட். இக்னிஷன் காயில் அதை 15,000 முதல் 40,000 வோல்ட் வரை ஏற்றிப் பிளக்கின் தலைக்கு அனுப்புகிறது. பிளக்கின் நடுவில் ஓடும் கம்பி வழியாக அது கீழே இறங்கி, நடு முனைக்கும் அதன் எதிரே வளைந்து நிற்கும் பக்கக் கொக்கிக்கும் இடையே உள்ள சின்ன இடைவெளியைத் தாண்டிக் குதிக்கிறது. அந்தக் குதிப்புதான் பொறி. அந்த இடைவெளிக்குக் ‘கேப்’ என்று பெயர். வண்டியைப் பொறுத்துப் பெரும்பாலும் 0.7 முதல் 1.1 மில்லிமீட்டருக்குள் இருக்கும். ஏ.டி.எம். கார்டின் கனம் 0.76 மில்லிமீட்டர். அதை நினைவில் வைத்துக்கொண்டால் அளவு மனதில் பிடிபடும். கார்டையே விட்டு அளக்க வேண்டாம்.

வெள்ளைப் பீங்கான் உறை அந்த மின்சாரம் பக்கவாட்டில் என்ஜின் உடம்புக்குப் பாய்ந்துவிடாமல் காக்கிறது. பீங்கானைச் சுற்றி இரும்புச் சட்டை, அதில் ஸ்பேனர் பிடிக்க ஆறு பட்டை, அடியில் மரை, மரைக்கும் பட்டைக்கும் நடுவே ஒரு வளைய வாஷர். இவ்வளவுதான் பிளக்.

நான்கு ஸ்ட்ரோக் என்ஜினில் கிராங்க் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) இரண்டு சுற்று சுற்றும்போது ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒரு பொறி வேண்டும். மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் என்ஜின் நிமிடத்துக்கு 2,000 சுற்று ஓடுகிறது என்று வைத்துக்கொண்டால், கிலோமீட்டருக்கு ஒரு பிளக் 1,000 பொறி விடுகிறது. 40,000 கி.மீ.யில் 4 கோடி. ஒவ்வொரு பொறியும் கண்ணுக்குத் தெரியாத ஒரு துணுக்கு உலோகத்தை முனையிலிருந்து அரித்துக்கொண்டு போகிறது. முனை மழுங்கும், கேப் அகலும். அகன்ற கேப்பைத் தாண்ட இன்னும் அதிக வோல்ட் வேண்டும், அதைக் கொடுத்துக் கொடுத்துக் காயில் சூடேறும். தேய்ந்த பிளக்கை மாற்றாமல் ஓட்டிக்கொண்டே இருந்தால் கடைசியில் காயிலுக்கும் சேர்த்துச் செலவு வருவது இதனால்தான். காயில் விலையோடு ஒப்பிட்டால் சாதாரணப் பிளக் விலை ஒன்றுமே இல்லை.

முனை எந்த உலோகம் என்பதை வைத்து ஆயுள் மாறும். நிக்கல் 1,455 டிகிரி செல்சியஸில் உருகும், பிளாட்டினம் 1,768 டிகிரியில், இரிடியம் 2,446 டிகிரியில். சாதாரண நிக்கல் பிளக்கின் நடு முனை பென்சில் கூரை விடத் தடியாக இருக்கும். 30,000 முதல் 40,000 கி.மீ. வரை தாங்கும். இரிடியம் முனை ஊசி போல 0.4 அல்லது 0.6 மில்லிமீட்டர்தான், 80,000 முதல் 1,00,000 கி.மீ. வரை போகும். உங்கள் வண்டிக்கான கணக்கு கையேட்டில் இருக்கிறது. அதுவே கடைசி வார்த்தை. சி.என்.ஜி.யில் ஓடும் வண்டிக்கு இந்தக் கணக்கைக் குறைத்துக்கொள்ளுங்கள். அந்த வாயுக் கலவையில் பொறி உண்டாக்க அதிக வோல்ட் தேவைப்படுவதால் முனை சீக்கிரம் தேயும்.

எத்தனை பிளக் வாங்க வேண்டும்? சிலிண்டருக்கு ஒன்று. ஆல்ட்டோ போன்ற மூன்று சிலிண்டர் வண்டிக்கு மூன்று, 2024-க்கு முன் வந்த 1.2 லிட்டர் ஸ்விஃப்ட், ஐ10 போன்றவற்றின் நான்கு சிலிண்டர் என்ஜினுக்கு நான்கு. விதிவிலக்கும் உண்டு: பழைய ஹோண்டா சிட்டியில் வந்த ஐ-டி.எஸ்.ஐ. என்ஜினில் சிலிண்டருக்கு இரண்டு, மொத்தம் எட்டு.

கிட்டத்து ஓட்டமும் கரியும்

பிளக்கின் முனை தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்ளும் சாமான். சுமார் 450 டிகிரிக்கு மேல் சூடானால் அதில் படிந்த கரி எரிந்துவிடும். 850 டிகிரியைத் தாண்டினால் வேறு ஆபத்து: பொறி வருவதற்கு முன்பே முனையின் சூட்டில் கலவை பற்றிக்கொண்டு பிஸ்டனை அடிக்கும். இந்த இரண்டுக்கும் நடுவில் முனையை வைத்திருப்பதுதான் பிளக் செய்பவர்களின் முழு வித்தையும்.

கடலூரிலும் புதுச்சேரியிலும் குடும்பக் கார்கள் ஓடும் விதம் முனையை அந்தச் சூட்டுக்குப் போகவே விடுவதில்லை. திருப்பாதிரிப்புலியூர் ஸ்டேஷனில் ஆளை இறக்கிவிட்டுத் திரும்புவது, லாஸ்பேட்டையிலிருந்து நேரு வீதிக்குப் போய் நெரிசலில் ஏ.சி. போட்டு நிற்பது, பிள்ளைகளைப் பள்ளியில் விட்டு வருவது. ஒவ்வொன்றும் நான்கைந்து கி.மீ. என்ஜின் குளிர்ந்திருக்கும்போது கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கொஞ்சம் தாராளமாகவே விடும், இல்லாவிட்டால் என்ஜின் ஓடாது. அந்த அதிகப் பெட்ரோல் முழுதாக எரியாமல் கரியாக முனையில் படிகிறது. அதை எரிக்கும் சூடு வருவதற்குள் வண்டி வீட்டுக்கு வந்துவிடுகிறது. மீட்டரில் 15,000 கி.மீ.கூட ஆகாத வண்டியில் கரிப் பிளக்கைப் பார்ப்பது இதனால்தான். கி.மீ. கணக்கை மட்டும் நம்பாமல், உள்ளூர் ஓட்டம் மட்டுமே உள்ள வண்டிக்கு வருடம் ஒரு தடவை, மழைக்காலம் தொடங்குவதற்கு முன் புரட்டாசியில், பிளக்கைக் கழற்றிப் பார்ப்பது நல்லது. வாரம் ஒரு நாள் நிறுத்தாமல் அரை மணி நேரம் ஓட்டினால் லேசான கரி தானே எரிந்துவிடும். கடலூரிலிருந்து சிதம்பரம், புதுச்சேரியிலிருந்து திண்டிவனம் போய் வருகிற தூரம் அதற்குத் தாராளம்.

சூட்டை முனை எவ்வளவு வேகமாக வெளியே கடத்துகிறது என்பதைப் பிளக்கின் நம்பரில் ஓர் எண்ணாகக் குறிப்பார்கள். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். என்.ஜி.கே., டென்சோ பிளக்குகளில் எண் கூடினால் பிளக் ‘குளிர்’ வகை, அதாவது சூட்டை வேகமாக வெளியே கடத்துவது. பாஷ், சாம்பியனில் எண் கூடினால் ‘சூடு’ வகை, மெதுவாகக் கடத்துவது. ஒரு கம்பெனியின் 6-ஐ இன்னொரு கம்பெனியின் 6 என்று நினைத்து வாங்கினால் முனை கரி பிடிக்கும், அல்லது கருகும். கம்பெனி மாற்றுவதென்றால் இணை நம்பர் அட்டவணையைப் பார்த்துத்தான் மாற்ற வேண்டும்.

நம்பரைப் பிரித்துப் பார்த்தால் பயம் போய்விடும். என்.ஜி.கே.யின் ‘பி.பி.ஆர்.6இ.எஸ்-11’ என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் ‘பி’ என்றால் மரை 14 மில்லிமீட்டர். அடுத்த ‘பி’ முனை கொஞ்சம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் என்பதைச் சொல்கிறது. ‘ஆர்’ என்றால் உள்ளே ரெசிஸ்டர் உண்டு. அது இல்லாத பிளக்கைப் போட்டால் ரேடியோவில் கரகரப்பு வரும், என்ஜின் கம்ப்யூட்டரும் குழம்பலாம். 6 சூட்டு எண். ‘இ’ மரையின் நீளம் 19 மில்லிமீட்டர். ‘எஸ்’ சாதாரணச் செப்பு மைய முனை. கடைசி 11 என்பது 1.1 மில்லிமீட்டர் கேப். மரை நீளம் தவறினால் விபரீதம்: நீளம் கூடினால் பிஸ்டன் வந்து முட்டும், குறைந்தால் பொறி குழிக்குள்ளேயே நின்றுவிடும்.

கடையில் ‘ஸ்விஃப்ட் பிளக் குடுங்க’ என்று மட்டும் கேட்காதீர்கள். ‘அண்ணே, ஸ்விஃப்ட் பெட்ரோல், 2014 மாடல், பழைய பிளக் இந்தா இருக்கு, இதே நம்பர்ல நாலு குடுங்க’ என்று பழையதைக் கவுன்டரில் வைத்துக் கேளுங்கள். வாங்கியதும் அட்டைப் பெட்டியைத் திறந்து, புதியதையும் பழையதையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி மரை நீளத்தைக் கண்ணால் ஒப்பிடுங்கள். போலிச் சரக்கில் பீங்கான் மேல் உள்ள எழுத்து நகத்தால் சுரண்டினாலே வரும், மரையில் பிசிறு இருக்கும்.

கழற்றுவதற்கு முன்

என்ஜின் முழுதாக ஆறியிருக்க வேண்டும். கையை வைத்தால் சூடே தெரியக் கூடாது. இப்போதைய கார்களில் சிலிண்டர் ஹெட் அலுமினியம். சூட்டில் அது இளகிவிடும். அந்த நேரத்தில் இரும்புப் பிளக்கைத் திருகினால் ஹெட்டின் மரை பிளக்கோடு சேர்ந்து உரிந்து வந்துவிடும். முந்தின நாள் இரவு நிறுத்திய வண்டியை மறுநாள் காலை வெயில் ஏறுவதற்கு முன் திறப்பது சரியான நேரம்.

சாமான்கள் அதிகம் வேண்டாம். உள்ளே ரப்பர் அல்லது காந்தம் வைத்த பிளக் சாக்கெட், 15 முதல் 25 செ.மீ. எக்ஸ்டென்ஷன், ரேச்சட், காயில் போல்ட்டுக்கு 10 மில்லிமீட்டர் சாக்கெட், ஒரு ஃபில்லர் கேஜ் (கேப் அளக்கும் மெல்லிய தகடுகள்), டார்ச். பிளக் சாக்கெட் பெரும்பாலான வண்டிக்கு 16 மில்லிமீட்டர். பழைய வண்டிக்கு 21, சில புதிய என்ஜினுக்கு 14. எவ்வளவு இறுக்குகிறோம் என்று காட்டும் டார்க் ரெஞ்ச் இருந்தால் நல்லது. இல்லாவிட்டாலும் வழி இருக்கிறது, பின்னால் சொல்கிறோம்.

சாவியை எடுத்துவிட்டு பானெட்டைத் திறங்கள். மேலே பிளாஸ்டிக் மூடி இருந்தால் நேராக மேலே இழுத்தால் ரப்பர் பிடிகளிலிருந்து வரும். அடியில் வரிசையாகக் காயில்கள் தெரியும். பழைய வண்டி என்றால் தடித்த கறுப்பு ஒயர்கள் தெரியும். பிளக்கின் மேல் இன்டேக் குழாய் குறுக்கே கிடந்து எதுவுமே கண்ணில் படவில்லை என்றால், முதல் முயற்சிக்கு அந்த வண்டி வேண்டாம்.

ஒரு சிலிண்டரை முடித்துவிட்டுத்தான் அடுத்ததைத் தொட வேண்டும். ஒயர் வண்டியில் இது கட்டாயம். ஒயர் மாறினால் பொறி வரிசை மாறி வண்டி ஸ்டார்ட்டே ஆகாமல் போகலாம். காயில் வண்டியில் கனெக்டரின் பூட்டை அழுத்திப் பிடித்துக்கொண்டு கழற்றுங்கள். கடற்காற்றில் பல வருடம் இருந்த பிளாஸ்டிக் மொறுமொறுப்பாகியிருக்கும், வேகமாக இழுத்தால் பூட்டு உடையும். பிறகு 10 மில்லிமீட்டர் போல்ட்டை எடுத்து, காயிலை இடமும் வலமும் லேசாகத் திருகி மேலே இழுங்கள். ஒயர் என்றால் ரப்பர்த் தொப்பியைப் பிடித்துத்தான் இழுக்க வேண்டும், ஒயரைப் பிடித்து இழுத்தால் உள்ளே கம்பி அறுந்துவிடும்.

இப்போது பிளக் உட்கார்ந்திருக்கும் குழி தெரியும். அவசரப்பட்டு ஸ்பேனரை விடாதீர்கள். டார்ச் அடித்துப் பாருங்கள். கடற்கரையோரத் தெருவில் நிற்கும் வண்டியில் நைஸ் மணல் இருக்கும். பிளக் கழன்ற நொடியில் அது நேராக சிலிண்டருக்குள் விழும், விழுந்தால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்த மாதிரி சுவரைக் கீறும். காற்று அடிக்கும் வசதி இல்லாவிட்டால் சைக்கிள் பம்ப் போதும்; கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு குழிக்குள் பத்து அடி அடியுங்கள். குழிக்குள் ஆயில் தேங்கியிருந்தால் வால்வ் கவர் கேஸ்கட் அல்லது குழிச் சீல் போய்விட்டது. ஆயிலைத் துணியால் ஒற்றி எடுத்த பிறகே பிளக்கைக் கழற்றுங்கள்.

சாக்கெட்டை நேராக இறக்கி, இடப்பக்கமாகத் திருப்புங்கள். முதலில் ஒரு ‘டக்’ என்று விட்டுக்கொடுக்கும், பிறகு கையாலேயே சுழலும். விட்டுக்கொடுத்த பிறகும் கரகரவென்று இறுக்கமாகவே வந்தால் நிறுத்துங்கள். கால் சுற்று திரும்ப உள்ளே விட்டு, மரை எண்ணெய் ஸ்பிரே ஒரு சொட்டு விட்டு, சில மணி நேரம் ஊறவிட்டு, முன்னும் பின்னுமாக அசைத்து எடுக்க வேண்டும். அதற்கும் மசியாவிட்டால் அது ஒர்க்‌ஷாப் வேலை. வீட்டில் பலம் காட்டினால் பிளக் பாதியில் முறியும்.

முனையைப் படிப்பது

கழற்றிய பிளக்குகளை ஒரு பழைய செய்தித்தாளில் 1, 2, 3, 4 என்று எழுதி அந்தந்த எண் மேல் வையுங்கள்; பழையதையே உடனே திரும்ப மாட்டுவதென்றால், மாட்டுவதற்கு முன் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். குறுக்கே வைத்த என்ஜினில் பெல்ட் அல்லது செயின் இருக்கும் பக்கம் பெரும்பாலும் முதல் சிலிண்டர். நான்கையும் ஒன்றோடொன்று ஒப்பிடும்போதுதான் விஷயம் தெரியும். நான்கும் ஒரே மாதிரிக் கறுத்திருந்தால் காரணம் பொதுவானது, ஒன்று மட்டும் வேறு மாதிரி என்றால் கோளாறு அந்தச் சிலிண்டரில்.

நல்ல பிளக்கை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். நடு முனையைச் சுற்றியுள்ள பீங்கான் மூக்கு, பால் கூடப்போன காப்பி நிறத்திலோ லேசான சாம்பல் நிறத்திலோ இருக்கும். கொக்கியின் உள்விளிம்பு கூர்மையாக, விரல் நகத்தில் தட்டுப்படும். மரையின் கடைசிச் சுற்றில் மட்டும் மெல்லிய உலர்ந்த கரி இருக்கும். இப்படி இருந்தால் கேப்பை மட்டும் அளந்துவிட்டுத் திரும்ப மாட்டிவிடலாம்.

விளக்குக் கரி மாதிரி உலர்ந்து, விரலில் ஒட்டுகிற கறுப்பு என்றால் பெட்ரோல் அதிகம் அல்லது சூடு போதவில்லை. முதலில் ஏர் ஃபில்டரைத் திறந்து பாருங்கள். அடைத்திருந்தால் மாற்றுங்கள். ஃபில்டர் நன்றாக இருந்து, ஓட்டமும் நீளமாக இருந்து, அப்படியும் கரி என்றால் ஆக்சிஜன் சென்சார், இன்ஜெக்டர் என்று ஒர்க்‌ஷாப்பில் பார்க்க வேண்டும்.

பளபளப்பான ஈரக் கறுப்பு, தொட்டால் பிசுபிசு என்றால் எரியும் இடத்துக்குள் ஆயில் வருகிறது. வால்வ் சீல் தேய்ந்திருக்கலாம், பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கலாம். காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் மட்டும் நீலப் புகை வந்து பிறகு நின்றால் வால்வ் சீல் மேல் சந்தேகம் அதிகம். புதுப் பிளக் போட்டால் சில வாரம் ஓடும், மறுபடி ஆயில் பிடிக்கும். பிளக்கை மாற்றி மாற்றிப் போட்டு இதைச் சரிசெய்ய முடியாது.

ஈரமாக இருந்து பெட்ரோல் நாற்றம் அடித்தால் அந்தச் சிலிண்டரில் பொறியே வரவில்லை, அல்லது செல்ஃப் அடித்து அடித்துப் பெட்ரோல் நிரம்பிவிட்டது. நிரம்பிய வண்டிக்கு ஒரு வழி உண்டு: ஆக்சிலேட்டரைத் தரையோடு முழுதாக அழுத்திப் பிடித்துக்கொண்டு சில நொடி செல்ஃப் அடித்தால், பெரும்பாலான இன்ஜெக்‌ஷன் வண்டிகளில் பெட்ரோல் நின்று காற்று மட்டும் உள்ளே போகும்.

பயப்பட வேண்டிய நிறம் வெள்ளை. பீங்கான் சுண்ணாம்பு மாதிரி வெளுத்து, கொப்புளம் போட்டு, முனை உருகிய மாதிரி இருந்தால் அந்தச் சிலிண்டர் அளவுக்கு மேல் சூடேறுகிறது. பெட்ரோல் போதாத கலவை, எங்கோ காற்றுக் கசிவு, கூலன்ட் குறைவு, தவறான சூட்டு எண் இவற்றில் ஒன்று காரணமாக இருக்கலாம். காரணம் தெரியாமல் வண்டியை நெடுந்தூரம் எடுக்காதீர்கள்.

செங்கல் நிறப் படிவு சில பெட்ரோல் சேர்மானங்களால் வருவது. பீங்கானின் வெளிப்புறம், இரும்புச் சட்டைக்குச் சற்று மேலே பழுப்பு வளையம் இருந்தால் ‘கம்ப்ரஷன் கசியுது’ என்று சிலர் சொல்வார்கள். கசிவு இல்லை. உயர் மின்னழுத்தத்தால் காற்றில் உள்ள தூசி ஒட்டிய கறை அது, விட்டுவிடலாம். ஆனால் அதே வெளிப் பீங்கானில் மேலிருந்து கீழாகப் பென்சிலால் கோடு போட்ட மாதிரிக் கறுப்புத் தடம் இருந்தால் பொறி உள்ளே போகாமல் வெளியே ஓடியிருக்கிறது. மழைக்கால மிஸ்ஸிங்குக்கு இது அடிக்கடி காரணம். பிளக்கோடு அந்த ரப்பர்த் தொப்பியையும் மாற்றுங்கள். தொப்பிக்குள் அதே தடம் இருந்தால் புதுப் பிளக்கிலும் பொறி அந்தப் பாதையிலேயே ஓடும்.

சுத்தமும் கேப்பும்

நிக்கல் பிளக்கில் உலர்ந்த கரி என்றால் கார்புரேட்டர் கிளீனர் ஸ்பிரே அடித்துப் பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்து, நன்றாகக் காயவிட்டு மாட்டலாம். இரும்புக் கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்தால் உலோகத் துகள் பீங்கானில் ஒட்டி, மின்சாரத்துக்குப் புதுப் பாதை போட்டுக் கொடுக்கும். மணல் அடித்துச் சுத்தம் செய்தால் மணல் பீங்கானுக்கும் சட்டைக்கும் நடுவே தங்கி, பிறகு சிலிண்டரில் விழும். அடுப்பில் வாட்டினால் பீங்கான் கண்ணுக்குத் தெரியாமல் விரிசல் விடும். இரிடியம், பிளாட்டினம் முனைகளை எதனாலும் தேய்க்கவே கூடாது. எங்கள் கருத்து: சுத்தம் செய்த பிளக் அடுத்த பிளக் வாங்கும் வரைக்கும்தான். விளிம்பு மழுங்கிவிட்டதென்றால் எவ்வளவு சுத்தம் செய்தாலும் பொறி பழையபடி பாயாது, ஏனென்றால் பொறி கூர்மையான விளிம்பிலிருந்துதான் எளிதாகக் கிளம்பும்.

கேப் அளக்க, கையேட்டில் உள்ள அளவுக்கான ஃபில்லர் கேஜ் தகட்டைச் சந்துக்குள் விடுங்கள். லேசாக உரசிக்கொண்டு போனால் சரி. தாராளமாகப் போனால் கொக்கியின் முதுகை மரக்கட்டையில் மெதுவாகத் தட்டுங்கள். போகவே இல்லை என்றால் கொக்கியை மட்டும் நெம்புங்கள். நடு முனையிலோ பீங்கானிலோ சாய்த்து நெம்பினால் பீங்கான் விரிசல் விட்டுவிடும். இரிடியம் பிளக் கேப் சரிசெய்யப்பட்டுத்தான் வரும், அளவு தவறினால் கடையில் மாற்றிக் கேளுங்கள். கீழே விழுந்த பிளக்கை, வெளியே ஒன்றும் தெரியாவிட்டாலும், மாட்டாதீர்கள்.

திரும்ப மாட்டும்போது

வீட்டு வேலையில் பெரிய சேதம் நடப்பது இந்தக் கட்டத்தில். பிளக்கைச் சாக்கெட்டில் பொருத்தி, எக்ஸ்டென்ஷனை மட்டும் விரல்களால் பிடித்து இறக்குங்கள். ரேச்சட் இப்போது வேண்டாம். பிளக் அடியில் தொட்டதும் முதலில் இடப்பக்கமாக மெதுவாகச் சுற்றுங்கள். மரையின் நுனிகள் ஒன்றுக்கொன்று இடம் பிடிக்கும்போது ‘டிக்’ என்று ஒரு சின்ன இறக்கம் விரலில் தெரியும். அங்கிருந்து வலப்பக்கமாகத் திருப்புங்கள். நான்கைந்து சுற்று வெறும் விரலாலேயே போக வேண்டும். அரைச் சுற்றிலேயே பிடித்தால் மரை கோணலாக ஏறுகிறது. வெளியே எடுத்து மறுபடி தொடங்குங்கள். கோணலை ஸ்பேனரால் இறுக்கி உள்ளே தள்ளினால் ஹெட்டின் மரை போய்விடும், அதற்குப் புது மரைக் கூடு போட வேண்டும். மூன்று ஜீரோ உப்புத்தாளால் சரிசெய்கிற விஷயம் இல்லை அது.

இறுக்க வேண்டிய அளவு: அலுமினிய ஹெட்டில் 14 மில்லிமீட்டர் மரைக்கு 25 முதல் 30 நியூட்டன் மீட்டர், 12 மில்லிமீட்டருக்கு 15 முதல் 20, 10 மில்லிமீட்டருக்கு 10 முதல் 12. 25 செ.மீ. நீளக் கைப்பிடியின் நுனியில் 10 கிலோ அரிசிப் பை தொங்கினால் வரும் இழுப்பு சுமார் 25 நியூட்டன் மீட்டர். 10 மில்லிமீட்டர் மரைக்கு அதே இடத்தில் நாலரை கிலோதான். டார்க் ரெஞ்ச் இல்லாவிட்டால் கோணக் கணக்கு: 14 மில்லிமீட்டர் புதுப் பிளக்கை விரலால் முட்டும்வரை இறுக்கி, பிறகு கடிகாரத்தில் 12-லிருந்து 6 வரை, மிஞ்சினால் 8 வரை திருப்புங்கள். வாஷர் உள்ளே குழிவானது, அது நசுங்கித்தான் அடைப்பு உண்டாகும். ஏற்கெனவே நசுங்கிய வாஷரோடு பழைய பிளக்கை மாட்டினால் 12-லிருந்து 1 வரை போதும். வாஷரே இல்லாமல் கூம்பு வடிவில் உட்காரும் பிளக்குக்கு அதைவிடக் குறைவு, பதினாறில் ஒரு பங்குச் சுற்று. மற்ற அளவுகளுக்குப் பிளக் பெட்டியின் பக்கத்திலேயே படம் போட்டிருக்கும்.

மரையில் கிரீஸோ ஆயிலோ தடவாதீர்கள். வழுக்கலில் அதே இழுப்புக்கு அளவுக்கு மேல் இறுகிவிடும். இப்போதைய பிளக்குகளுக்குத் துருப்பிடிக்காத பூச்சு ஏற்கெனவே இருக்கிறது. காயிலின் ரப்பர் வாய்க்குள் மட்டும் சிலிக்கான் கிரீஸ் அரிசியளவு தடவினால் ஈரம் ஏறாது, அடுத்த தடவை ஒட்டிக்கொள்ளாமலும் வரும். காயிலைக் கீழே அழுத்தி உட்காரவைத்து, போல்ட்டை லேசாக இறுக்கி, கனெக்டர் ‘டிக்’ என்று பூட்டுகிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

எல்லாம் மாட்டியும் மிஸ்ஸிங் நிற்கவில்லை என்றால் காயிலைச் சந்தேகப்படலாம். வண்டியின் கம்ப்யூட்டரில் பதிவான பழுதைப் படிக்கும் சின்ன ஓ.பி.டி. ரீடரை மாட்டினால் பி0301, பி0302 என்று பழுதுக் குறியீடு வரும். கடைசி எண்தான் சிலிண்டர் எண். பி0301 வந்தால் முதல் சிலிண்டர் காயிலை இரண்டாவதோடு மாற்றிப் போட்டு, குறியீட்டை அழித்து, ஓட்டிப் பாருங்கள். குறியீடு பி0302 ஆக மாறினால் காயில்தான் குற்றவாளி. பி0301 ஆகவே இருந்தால் பிளக், இன்ஜெக்டர், கம்ப்ரஷன் என்று பார்க்க வேண்டும். பழைய ஆட்கள் செய்வது போலப் பிளக்கை வெளியே எடுத்து என்ஜினில் தொடவைத்துப் பொறி பார்க்க வேண்டாம். திறந்த துளையிலிருந்து பெட்ரோல் ஆவி வரும், பக்கத்திலேயே பொறி. என்ஜின் விளக்கு விட்டு விட்டு எரிந்தால் வண்டியை ஓட்டாதீர்கள். எரியாத பெட்ரோல் சைலன்சர் குழாயில் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரில் போய் எரிந்து அதையும் கெடுத்துவிடும். பிளக்கின் விலை எங்கே, அதன் விலை எங்கே.

உப்புக் காற்றும் வெள்ளமும்

தேவனாம்பட்டினம், குருசுக்குப்பம் பக்கம் திறந்த வெளியில் நிற்கும் வண்டியில் காயில் கனெக்டரின் பின்கள் பச்சை படரும். பிளக்கைப் பார்க்கிற அன்றைக்கே கனெக்டருக்குள்ளும் டார்ச் அடியுங்கள். பச்சை இருந்தால் கான்டாக்ட் கிளீனர் அடித்துக் காயவிடுங்கள். கறுத்து உருகியிருந்தால் கனெக்டரையே மாற்ற வேண்டும். என்ஜின் மேல் தண்ணீர் பீய்ச்சிக் கழுவுவதை இந்த ஊர்களில் தவிர்ப்பதே நல்லது. பிளக் குழியில் தேங்கும் தண்ணீர் காய நாளாகும், பட்டையும் வாஷரும் துருவேறி அடுத்த தடவை கழற்ற மறுக்கும்.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரை கடந்தபோது நகரில் ஒரே நாளில் 46 செ.மீ.க்கு மேல் கொட்டியது. அடுத்த நாட்களில் தென்பெண்ணையில் வந்த வெள்ளம் கடலூர்ப் பக்கமும் புகுந்தது. அப்படித் தண்ணீர் பானெட் அளவுக்கு ஏறி வடிந்த வண்டியில் முதலில் திறக்க வேண்டியது ஏர் ஃபில்டர் பெட்டி. ஃபில்டர் நனைந்திருந்தால் சிலிண்டருக்குள்ளும் தண்ணீர் போயிருக்கலாம். காற்றை அழுத்தலாம், தண்ணீரை அழுத்த முடியாது. ‘ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணிப் பார்ப்போம்’ என்று அடிக்கும் ஒரே செல்ஃபில், பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கனெக்டிங் ராட் வளைந்துவிடும். பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிட்டு, சாவியைத் தொடாமல், வண்டியைத் தூக்கி ஏற்றி ஒர்க்‌ஷாப்புக்கு அனுப்புங்கள். அங்கேயும் முதல் வேலை எல்லாப் பிளக்கையும் கழற்றுவதாகத்தான் இருக்க வேண்டும். அந்தத் துளைகள் வழியாகத் தண்ணீர் முழுதாக வெளியே வந்து, ஆயிலும் மாற்றப்பட்ட பிறகே செல்ஃபுக்கு மின்சாரம் கொடுக்கலாம்.